விவாத முடிப்பு: ‘குளோஷர்’ என்ற சொல்லுக்குத் தமிழ் என்ன?

ஒரு மசோதா மீது அவையில் மூன்று நாளாகப் பேச்சு. நான்காம் நாள் ஓர் உறுப்பினர் எழுந்து, “பேசியது போதும், வாக்கெடுப்புக்கு விடுங்கள்” என்கிறார். உடனே மசோதா வாக்கெடுப்புக்கு வந்துவிடாது. அவர் கேட்டதுதான் முதலில் வாக்குக்குப் போகும்: பேச்சை முடிக்கலாமா, வேண்டாமா? அதில் ‘ஆம்’ வென்றால்தான் மசோதாவுக்கு முறை வரும். இந்த முதல் வாக்கெடுப்புக்குத்தான் ஆங்கிலத்தில் குளோஷர் என்று பெயர். அமெரிக்க செனட்டில் மட்டும் குளோச்சர் என்பார்கள்.

இரண்டு வாக்கெடுப்புகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது எளிது. மசோதாவை ஆதரிப்பவர்கூட, “என் தொகுதி பற்றி இன்னும் நான் பேசவில்லை” என்று முடிப்புக்கு எதிராக வாக்களிக்கலாம். மசோதாவை வெறுப்பவர், “சரி, வாக்கெடுப்பிலேயே பார்த்துக்கொள்ளலாம்” என்று முடிப்பை ஆதரிக்கலாம்.

சொல்லின் வேர் லத்தீன். மூடு, அடை என்று பொருள்படும் வினையிலிருந்து பிரெஞ்சில் குளோத்யூர் வந்தது. அதற்கு வேலி என்றும் பொருள், கூட்டத்தை முடித்துவைத்தல் என்றும் பொருள். பிரிட்டனுக்கு இந்த வழக்கம் வந்த கதை சுவையானது. 1881 ஜனவரி 31 அன்று அயர்லாந்து மீதான அடக்குமுறை மசோதா ஒன்றை எதிர்த்து, பார்னெல் தலைமையிலான அயர்லாந்து உறுப்பினர்கள் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் பேசத் தொடங்கினார்கள். ஒருவர் மாற்றி ஒருவர், இரவு பகல் பாராமல் பேச்சு. 41 மணி நேரத்துக்கு மேல் அவை கலையவே இல்லை. பிப்ரவரி 2 காலையில் சபாநாயகர் ஹென்றி பிராண்ட் வந்து, தன் சொந்தப் பொறுப்பில் விவாதத்தை முடித்துவிட்டார். அப்படிச் செய்ய அவருக்கு இடம் கொடுத்த விதி எதுவும் கிடையாது! விதி அடுத்த ஆண்டுதான் வந்தது. அப்போது எதிர்த்தவர்கள் பிரெஞ்சுச் சொல்லையே சொல்லி, இது அந்நியச் சரக்கு என்று குத்திக்காட்டினார்கள். காலப்போக்கில் ஆங்கில வடிவமான குளோஷர் பிரிட்டனில் நிலைத்தது. பிரெஞ்சுச் சாயல் அமெரிக்காவில் தங்கிவிட்டது.

இனி தமிழுக்கு வருவோம். வேரைப் பார்த்து ‘விவாத அடைப்பு’ என்று போடலாமே என்று தோன்றும். வேலி அடைப்பதும் அடைப்புதான், பிரெஞ்சோடு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் இன்று அடைப்பு என்றால் நினைவுக்கு வருபவை கடையடைப்பு, மாரடைப்பு, குழாய் அடைப்பு. பேச்சு எங்கோ சிக்கி நிற்கிறது என்றுதான் காதில் விழும். அது நேர் எதிர்ப்பொருள்! முடிவில்லாமல் பேசி வாக்கெடுப்பை வரவிடாமல் தடுக்கும் ‘ஃபிலிபஸ்டர்’ உத்திக்குத்தான் அது பொருந்தும். (கடற்கொள்ளையரைக் குறித்த டச்சுச் சொல் ஸ்பானிய மொழி வழியாக வந்து ஃபிலிபஸ்டர் ஆயிற்று. அவையைக் கடத்திக்கொண்டு போகிறார்கள் என்ற கிண்டல்.) ‘விவாத நிறுத்தம்’ சரிப்படுமா? போர்நிறுத்தம், வேலைநிறுத்தம் எல்லாம் மறுபடி தொடங்கக்கூடியவை. ஒத்திவைப்போடு அது கலந்துவிடும்.

‘விவாத முடிவு’ கிட்டத்தட்ட சரி, ஆனால் ஒரு வழுக்கல் இருக்கிறது. “விவாதத்தின் முடிவு என்ன?” என்று கேட்டால், என்ன தீர்மானித்தார்கள் என்றுதான் பதில் வரும். முடிவு என்ற சொல் கடைசியையும் குறிக்கும், தீர்ப்பையும் குறிக்கும். தமிழில் இதற்கு வழி இருக்கிறது: குறைவு, குறைப்பு, அழிவு, அழிப்பு, பிரிவு, பிரிப்பு. முதல் சொல் தானாக நடப்பது, இரண்டாவது ஒருவர் செய்வது. அதே கணக்கில் முடிவு, முடிப்பு. பேச்சு தானாக ஓயவில்லை, வாக்குப் போட்டு முடித்துவைக்கிறார்கள். எனவே ‘விவாத முடிப்பு’, அதைக் கோருவது ‘விவாத முடிப்புத் தீர்மானம்’ என்பது என் கட்சி. முடிப்பு என்றால் பணமுடிப்பு அல்லவா நினைவுக்கு வரும் என்று ஒருவர் கேட்கலாம். முன்னால் ‘விவாத’ என்று நிற்கும்போது யாரும் துட்டை எதிர்பார்க்க மாட்டார்கள்.

இந்தத் தீர்மானத்தின் ஆங்கில வாசகத்திலும் ஒரு பொறி உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘கேள்வி இப்போது கேட்கப்படட்டும்’ என்று வரும். அங்கே ‘கேள்வி’ என்பது அவை முன் இருக்கும் பொருள். ‘கேட்பது’ என்பது வாக்குக்கு விடுவது. ‘இப்பொருளை இப்போதே வாக்கெடுப்புக்கு விடலாம்’ என்றால் போதும்.

சாதாரணப் பெரும்பான்மை என்பது அடுத்த சொல். பழைய உரையாசிரியர்கள் ‘பெரும்பான்மையும் இப்படி வரும், சிறுபான்மை அப்படியும் வரும்’ என்று எழுதியபோது தலை எண்ணவில்லை. மிகுதியாக, அரிதாக என்றுதான் சொன்னார்கள். எண்ணிக்கைப் பொருள் பிறகு ஏறியது. சாதாரணப் பெரும்பான்மை என்றால் வந்திருந்து வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல். 543 இடங்கள் உள்ள மக்களவையில் 300 பேர் வந்து 20 பேர் வாக்களிக்காமல் இருந்தால், 141 வாக்கு போதும். அரசியல் சட்டத்தின் 100-வது பிரிவு சொல்லும் பொது விதி இதுதான். செய்தித்தாள்களில் வரும் தனிப் பெரும்பான்மை, அறுதிப் பெரும்பான்மை எல்லாம் வேறு கணக்கு, அவற்றை இங்கே இழுக்க வேண்டாம்.

மக்களவை விதி 362-ன்படி எந்த உறுப்பினரும் விவாத முடிப்பைக் கோரலாம். நியாயமான விவாத உரிமையை அது பறிக்கிறது என்று சபாநாயகர் கருதினால் ஏற்க மாட்டார். ஏற்றால் சாதாரணப் பெரும்பான்மையே தீர்மானிக்கும். காமன்ஸில் பெரும்பான்மை மட்டும் போதாது, ஆதரவாகக் குறைந்தது 100 பேர் வாக்களித்திருக்க வேண்டும். ஆள் குறைந்த வேளையில் நான்கு பேர் கூடி அடுத்தவர் வாயை அடைத்துவிடக் கூடாதே.

அமெரிக்க செனட் தனி ரகம். 1917-ல் முடிப்பு விதி வந்தபோது வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டது. 1975 முதல் பொதுவாக 60 உறுப்பினர்கள் தேவை. அதிபர் செய்து செனட்டின் ஒப்புதலுக்கு அனுப்பும் நியமனங்களுக்கு மட்டும் இது தளர்ந்தது எப்படி என்பதுதான் வேடிக்கை. 2013 நவம்பர் 21 அன்று பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட், சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று ஒழுங்குப் பிரச்சினை (அவை விதி பற்றிய ஆட்சேபம்) எழுப்பினார். விதிப்படி அது செல்லாது என்றது அவையை நடத்தும் தலைமைப் பீடம். பீடத்தின் தீர்ப்பு நிற்குமா என்று வாக்கெடுத்தார்கள். நிற்காது என்றவர்கள் 52, நிற்கும் என்றவர்கள் 48. விதிப் புத்தகத்தில் ஓர் எழுத்தும் மாறாமலே, உச்ச நீதிமன்றம் தவிர்த்த நியமனங்களுக்கு விதியின் பொருள் மாறிவிட்டது. 2017 ஏப்ரலில் மறுகட்சி அதே வழியில் உச்ச நீதிமன்றத்தையும் சேர்த்துக்கொண்டது. இதை அங்கே ‘நியூக்ளியர் ஆப்ஷன்’ என்பார்கள். ‘அணு ஆயுத விருப்பத்தேர்வு’ என்று மொழிபெயர்த்தால் ராணுவச் செய்தி ஆகிவிடும். கடைசியாகத்தான் எடுக்க வேண்டும், எடுத்தால் திரும்பப் பெற முடியாது என்ற இரண்டையும் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே பிரம்மாஸ்திரம் இருக்கிறது.

கில்லட்டின் என்பதும் விவாத முடிப்பும் ஒன்றல்ல. அங்கே நேரம்தான் வெட்டுகிறது. மானியக் கோரிக்கைகளுக்கு (அரசுத் துறைகள் செலவுக்கு அவையிடம் பணம் கேட்பவை) ஒதுக்கிய கடைசி நாளில், குறித்த நேரம் வந்ததும் பேசாமல் மிஞ்சியவை எல்லாம் வரிசையாக வாக்குக்கு வரும். யாரும் எழுந்து கேட்கத் தேவையில்லை. அதைக் கில்லட்டின் என்றே விட்டுவிடலாம், வாசகர்களுக்குப் பழகிய சொல்தான்.

எழுதும்போது எண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். செனட்டில் ஒரு மசோதா மீதான விவாத முடிப்புக்கு 58 பேர் ஆம், 42 பேர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ‘58–42 என்று மசோதா தோற்றது’ என்றால் படிப்பவர் தலையைச் சொறிவார். ‘விவாத முடிப்புக்கு 60 வாக்கு வேண்டும், 58 தான் கிடைத்தது, மசோதா இன்னும் வாக்கெடுப்புக்கே வரவில்லை’ என்று எழுதினால் விஷயம் விளங்கிவிடும்.