ஸ்மார்ட் போர்டு: ஊடாடு பலகை

வகுப்பறைச் சுவரில் மாட்டியிருக்கும், தொட்டால் இயங்கும் பெரிய திரைக்கு ஸ்மார்ட் போர்டு என்று பெயர். தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் பிள்ளைகள் அப்படித்தான் சொல்கிறார்கள். உண்மையில் அது ஒரு வணிகப் பெயர். கனடாவின் ஸ்மார்ட் டெக்னாலஜிஸ் நிறுவனம் 1991இல் கொண்டுவந்த பலகையின் பெயர், ஜெராக்ஸைப் போல எல்லா நிறுவனங்களின் பலகைக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

'ஸ்மார்ட்' பழைய ஆங்கிலத்தில் சுரீரென்ற வலியைக் குறித்த சொல். பிறகு சுறுசுறுப்பு, சூட்டிகை என்று பொருள் நகர்ந்து, 1970களில் தானே அறிந்து இயங்குவது போன்ற கருவிகளுக்கும் அடைமொழியானது. (பிரம்படிக்குப் பொருந்தியிருக்க வேண்டிய சொல், பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாக வந்திருக்கிறது.)

தமிழில் 'திறன் பலகை' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளையிடம் வளர வேண்டிய திறனை அது பலகைக்குப் பட்டமாகக் கட்டிவிடுகிறது. பல திரைகளில் சட்டத்தின் ஓரமெங்கும் அகச்சிவப்புக் கதிர்கள் ஓடுகின்றன. விரல் மறிக்கும் இடத்தைக் கணித்துக் கணினிக்குச் சொல்வதே பலகையின் வேலை. ஆகவே 'ஊடாடு பலகை' என்பதே சரி. ஊடு என்றால் இடை, நடு. தறியில் பாவின் இடையே போய்வரும் இழையும் ஊடுதான். நெசவாளர்களுக்காக கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை கவர்னர் காலெட் அமைத்த காலடிப்பேட்டை இருக்கும் வடசென்னைக்கு இச்சொல் அந்நியமில்லை.

யாருடைய விரல் என்பதுதான் கேள்வி. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தபடியே எழுதச் சுவரின் அடியில் தாழ்வான கரும்பலகைகள் வந்தன. மின்சாரம் இல்லாவிட்டாலும் அவை பிள்ளைகளின் பலகைகள். ஆசிரியர் மட்டும் தொட, மற்றவர்கள் நோட்டில் பார்த்தெழுதும் திரை, விலை கூடிய கரும்பலகை, அவ்வளவே.

காசிமேட்டுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் வஞ்சிரம், சங்கரா, இறால், கடம்பா (கணவாய்) படங்களைத் திரையில் போட்டு, முதுகெலும்புள்ளவை ஒருபுறம், இல்லாதவை மறுபுறம் இழுத்து வைக்கச் சொல்லலாம். இறாலில் சிக்கல் வராது. கடம்பாவில்தான் சண்டை மூளும். வீட்டில் அதைக் கழுவிப் பழகிய பிள்ளை எழுந்து, "மிஸ், உள்ளே கண்ணாடி மாதிரி நீளமாக ஒன்று வருமே, அது எலும்பில்லையா?" என்று கேட்கும். அது முதுகெலும்பு அல்ல, ஓட்டின் எச்சம். ஆனால் விடையை உடனே சொல்லிவிடாமல், பெரிதாக்கிய படத்தில் முதுகெலும்புக்கு உரிய கணுக்கள் இருக்கின்றனவா என்று அந்தப் பிள்ளையையே தேடவிடும் ஆசிரியரிடம்தான் பலகை ஊடாடுகிறது. மாணவர் மையக் கற்றல் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வது இதைத்தான்.

எழுதும்போது ஒரு கவனம்: 'ஊடாடுப் பலகை' என்று ஒற்று மிகாது. ஊடாடிய, ஊடாடுகின்ற, ஊடாடும் என மூன்று காலமும் தொக்கி நிற்கும் வினைத்தொகை அது. தொட்டால் பேசாமல் படம் மட்டும் காட்டுவதைத் தொலைக்காட்சி என்றே எழுதலாம்.