பேஸ்: தளமா, நிலையா?

பேஸ்பால் போன்ற ஆட்டம் சாஃப்ட்பால்; பந்தை அடித்தவர் ஒவ்வொன்றாகத் தொட்டு ஓட வேண்டிய இடம்தான் பேஸ், அடித்த இடமான ஹோமுக்கே திரும்பி வந்தால் ரன். வடசென்னையில் அதை ஆடும் பிள்ளைகளுக்கு ஃபர்ஸ்ட் பேஸ், செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், ஹோம் என்றால்தான் புரியும். பேச்சில் அது அப்படியே இருக்கட்டும். விதிகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல். அகராதி 'தளம்' என்கிறது. 'இரண்டாம் தளத்துக்கு ஓடினார்' என்று எழுதினால் தண்டையார்பேட்டைக்காரர் மாடிப்படியைத்தான் தேடுவார்.

கிரேக்கத்தில் 'பாசிஸ்' என்றால் முதலில் அடியெடுத்து வைத்தல். அப்புறம் அடி வைக்கும் இடம், பீடம். லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'பேஸ்' ஆனது.

என் பரிந்துரை 'நிலை'. மாசியில் திருவொற்றியூர்த் தேர் வீதி சுற்றி முடித்ததும் 'நிலைக்கு வந்துவிட்டது' என்கிறோமே, அதே நிலை. (தேர் வலமாகச் சுற்றும், சாஃப்ட்பாலில் இடமாக ஓட வேண்டும்.) 'முதல் நிலை' என்றால் ஆரம்பக் கட்டம் என்றும் பொருள் வரும்தான், ஆட்டத்தைப் பற்றிய பேச்சில் குழப்பாது.

விதிகளோடு பொருத்திப் பாருங்கள். வேகப்பந்து வகை ஆட்டத்தில் ஒரு நிலைக்கும் அடுத்ததற்கும் 60 அடி. அதில், பிட்சரின் (பந்து வீசுபவரின்) கையை விட்டுப் பந்து போகும்வரை ஓட நிற்பவர் நிலையிலிருந்து காலெடுக்கக் கூடாது, எடுத்தால் அவுட். நிலையில் நிற்கிறவரைப் பந்தால் தொட்டாலும் பயனில்லை. ஆனால் பந்தை அடித்தவர் முதல் நிலைக்கு ஓடி வருகிறார் என்றால், ஏற்கெனவே அங்கே நிற்கும் அவரது அணிக்காரர் இடம் விட்டே ஆக வேண்டும். அப்போது ஃபீல்டர் பந்தோடு இரண்டாம் நிலையை முந்தி மிதித்தாலே போதும், இடம் விட்டு ஓடி வருபவர் அவுட். இதுதான் 'ஃபோர்ஸ் அவுட்'. தமிழில் 'நிலைபெயர்ப்பு' எனலாம்.

கிரிக்கெட்டில் ஊறிய நமக்குக் குழப்பம் 'டேக் அப்'பில்தான். கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தால் அந்தப் பந்தின் கதை முடிந்தது. இங்கே முடியாது. அடித்தவர் அவுட், ஆனால் மூன்றாம் நிலையில் இருப்பவர், பந்து ஃபீல்டர் கையில் பட்ட பிறகு கிளம்பி ஹோமுக்கு ஓடலாம், ரன்னும் உண்டு. முன்பே கிளம்பியிருந்தால் திரும்பி வந்து நிலையைத் தொட வேண்டும். அவருக்கு முன் பந்து அங்கே வந்துவிட்டால் அவரும் அவுட். இதை 'நிலை தொடுதல்' என்றால் விதியே பெயரில் வந்துவிடுகிறது. 

அடித்து ஓடி வருபவர் முதல் நிலையைத் தாண்டி நேராக ஓடிப் போய்த் திரும்பலாம். இரண்டிலும் மூன்றிலும் அந்தச் சலுகை இல்லை. காலை எடுத்தால் தொட்டு அவுட் ஆக்கலாம். 'ஸ்டீல்' (பந்தை யாரும் அடிக்காமலே அடுத்த நிலைக்கு ஓடிவிடுவது) என்பதை 'நிலை கவர்தல்' என்றெல்லாம் அலங்கரிக்க வேண்டாம். திருட்டு, திருட்டுதான்.