கழுவாத ஜாடிக்கு மருந்து போடாதீர்கள்

போன வாரம் மட்டும் மூன்று பேர். கொளத்தூர் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். கொம்புச்சா (சர்க்கரை போட்டுப் புளிக்கவைக்கும் தேநீர்) ஜாடிக்குள் பச்சையாக ஒரு வட்டம், கீழே "அக்கா, இது நல்லதா கெட்டதா?" என்று கேள்வி. பெரம்பூரில் எங்கள் தெரு ஆன்ட்டி, கிறிஸ்துமஸ் ஒயினுக்காக வருஷா வருஷம் இறக்கும் கண்ணாடி ஜாடியைக் கட்டைப்பையில் போட்டு வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மூன்றாமவர் ராயபுரம், இஞ்சி பியர் போடுகிறவர். அவர் கொண்டுவந்தது ஒரு முழ ட்யூப்தான், உள்ளே கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். மூவரும் சொன்னது ஒரே வசனம்: "வெந்நீர் ஊத்திக் கழுவிட்டேனே, அப்புறமும் ஏன் பூஞ்சை வருது?"

உணவு நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் எனக்கு 18 வருஷ வேலை. இந்த வசனத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் இனி கேட்பவர்களுக்கு அனுப்பிவிடலாம்.

ஒயின் செய்முறை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். 1937 ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ஆன்ட்டியிடமும் அதைச் சொன்னேன். "என் பாட்டி காலத்திலிருந்து போடுறோம்மா" என்றார். சரி, நான் பேச வந்தது ஜாடியைப் பற்றி.

முதலில் அது பூஞ்சைதானா என்று பாருங்கள். கொம்புச்சாவின் ஸ்கோபி, அதாவது தேநீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்-பாக்டீரியாத் தட்டு, இளநீர் வழுக்கை மாதிரி ஈரமாக, வழவழவென்று இருக்கும். ஈஸ்ட் படலம் பால் ஆடை மாதிரி வெள்ளையாகச் சுருங்கி மிதக்கும். பூஞ்சை அப்படி இருக்காது. மேலே உலர்ந்து, பஞ்சு மாதிரி முடி முடியாக எழும்பி நிற்கும், பச்சையோ கறுப்போ நீலமோ வெள்ளையோ. முடி இருந்தால் பூஞ்சை, அவ்வளவுதான். உள்ளே இருப்பது எல்லாமே சாக்கடைக்குத்தான், ஸ்கோபியும் சேர்த்து. மேலாகக் கரண்டியால் வழித்துவிட்டுக் குடிப்பவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை. சில பூஞ்சைகள் விடும் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. "புளிப்பில் பூஞ்சை வளராதே" என்பார்கள். எலுமிச்சை ஊறுகாயில் பூஞ்சை பார்த்ததே இல்லையா?

இப்போது அந்த வெந்நீருக்கு வருகிறேன்.

கெட்டிலில் 100 டிகிரியில் கொதித்த தண்ணீர், ஐந்து லிட்டர் கண்ணாடி ஜாடியின் குளிர்ந்த சுவரில் பட்டவுடனேயே சூட்டை இழக்கத் தொடங்குகிறது. நீங்கள் ஊற்றி, இரண்டு சுற்று சுற்றி, கொட்டுகிறீர்கள். ஜாடியின் கழுத்துக்கும் விளிம்புக்கும் சூடு சரியாகப் போய்ச் சேருவதில்லை. பூஞ்சை இருந்தது அங்கேதான். இதைவிட மோசம் ஒன்று உண்டு. விரலால் தடவிப் பாருங்கள், வழவழவென்று ஒரு படலம் இருக்கும். சர்க்கரை, பழச்சதை, செத்த ஈஸ்ட், உயிரோடிருக்கும் கிருமி எல்லாம் சேர்ந்து தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொண்ட கூரை அது. அதன்மேல் கொதிநீரை ஊற்றினால் முட்டை வெந்து சட்டியில் ஒட்டுவது போல அது இறுகி ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் கூரையைத்தான் வேக வைக்கிறது, அடியில் இருப்பவர்கள் சுகமாக இருக்கிறார்கள். அடுத்த தடவை சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியதும் எழுந்து வருகிறார்கள். நீங்கள் என்னிடம் வருகிறீர்கள்.

கழுவுவது வேறு, கிருமிநீக்கம் வேறு. அழுக்கு இருக்கும் இடத்தில் எந்தக் கிருமிநாசினியும் சரியாக வேலை செய்யாது. ப்ளீச்சைப் பாருங்கள், அழுக்கைக் கண்டால் அதிலேயே தன் பலத்தைச் செலவழித்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் மாதம் முழுக்க பாத்திரம் தேய்க்கும் வேலைதான் கொடுப்போம். கோபித்துக்கொள்வார்கள்.

சரி, கழுவுங்கள். உலர்ந்த பூஞ்சையைச் சுரண்டாதீர்கள், வித்துக்கள் அடுக்களை முழுக்கப் பறக்கும். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் கேட்கவே வேண்டாம். முதலில் நனைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவையுங்கள். ஒரு லிட்டர் சூடான தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடா (ஆப்ப சோடா இல்லை) போட்டு, கழுத்து வரை நிரப்பி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். கையுறை வேண்டும். அலுமினியத்தில் இதை ஊற்றாதீர்கள், அரித்துவிடும். காலையில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தால் கூரை கழன்று வரும். கம்பி நார் வேண்டாம், ஒவ்வொரு கீறலும் பூஞ்சைக்கு ஒரு வாடகை வீடு.

நம் பக்கத்து போர் தண்ணீரில் இன்னொரு தொல்லை உண்டு. ஜாடிச் சுவரில் வெள்ளையாக உப்பு படியும், அதற்குள்ளும் கிருமி ஒளியும். வினிகரில் ஊறவைத்தால் போய்விடும். ஆனால் இங்கேதான் என் வயிறு கலங்குகிறது. வினிகர் ஊற்றிய கையோடு ப்ளீச்சையும் ஊற்றுகிறார்கள், "ரெண்டும் சேர்ந்தா ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று. ப்ளீச்சோடு வினிகரோ பாத்ரூம் ஆசிட்டோ சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. ஜன்னல் இல்லாத அடுக்களையில் அது நுரையீரலைப் பதம் பார்த்துவிடும். தயவுசெய்து, கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வினிகர் ஒரு நாள், ப்ளீச் மறுநாள். நடுவில் நன்றாக அலசுங்கள்.

ப்ளீச் என்றால் வாசனை சேர்க்காதது, லேபிளில் 5 சதவீதம் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று போட்டிருப்பது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 4 மில்லி, இருமல் மருந்தோடு வரும் மூடியில் அளந்துகொள்ளுங்கள். அது 200 பி.பி.எம்., அதாவது பத்து லட்சம் பங்கில் 200 பங்கு. பத்து நிமிடம் எல்லா இடத்திலும் படும்படி நிரப்பி வைத்துவிட்டு, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் பட்ட பாடெல்லாம் வீண். பழைய பாட்டிலில் பலம் போயிருக்கும், வெயிலில் வைத்திருந்தால் இன்னும் மோசம். டெட்டால் வேண்டாம், அது பாத்திரத்துக்கானது இல்லை. ஸ்டீல் மூடி, கரண்டி, புனல் எல்லாம் இட்லிப் பானையில் கால் மணி நேரம் ஆவியில் இருக்கட்டும், மருந்தே தேவையில்லை.

பிளாஸ்டிக்கைப் பற்றி இரண்டு வார்த்தை. பூஞ்சை பிடித்த ட்யூப், ரப்பர் வாஷர், கீறல் விழுந்த பிளாஸ்டிக் டப்பா, மரக்கரண்டி இவற்றைக் காப்பாற்ற முயலாதீர்கள். தூக்கிப் போடுங்கள். ராயபுரத்துக்காரர் ட்யூபுக்குள் துணியைக் கட்டி இழுத்துப் பார்த்தாராம்! 20 லிட்டர் தண்ணி கேனில் புளிக்க வைப்பவர்களும் உண்டு. கை நுழையாத கழுத்து, உள்ளே பார்க்கவும் முடியாது. சோடாவில் ஊறவைத்தால் பாலிகார்பனேட் கேனே கெடும். பாட்டி காலத்துப் பீங்கான் ஜாடியும் ஆகாது. உள்பூச்சில் மயிரிழை வெடிப்பு இருந்தால் கிருமி உட்காரும், சில பழைய பூச்சுகளிலிருந்து புளிப்பு ஈயத்தை இறக்கிவிடும்.

ஆன்ட்டியின் ஜாடியில் குறை ஜாடியில் இல்லை. ஜனவரியில் கழுவி, துணியால் துடைத்து, ஈரம் போவதற்குள் மூடியை இறுக்கி லாஃப்டில் ஏற்றியிருக்கிறார். ஐப்பசி கார்த்திகை மழையில் நம் வீட்டுச் சுவரே வியர்க்கிறது, மூடிய ஜாடிக்குள் கேட்க வேண்டுமா? கழுத்தில் ஒட்டியிருந்த ஒரு பன்னீர் திராட்சைத் தோலே பத்து மாதத்துக்குப் போதுமான சாப்பாடு. கவிழ்த்துக் காயவையுங்கள், துடைக்காதீர்கள். மூடியைத் தனியாக வைத்து, வாயில் சுத்தமான காகிதம் கட்டி லாஃப்டில் ஏற்றுங்கள். அவர் ஜாடியைக் காப்பாற்றிவிட்டோம்.

கொளத்தூர் தம்பியின் கதை வேறு. ஞாயிற்றுக்கிழமை ஜாடியோடு வந்தார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. அடியில் இருந்த குழாயைக் கழற்றச் சொன்னேன். "இது கழலுமாக்கா?" என்றார். எட்டு மாதமாக ஜிம் நண்பர்களுக்கு விற்றுக்கொண்டிருக்கிறார். வாஷருக்குப் பின்னால் பழுப்பாக, களிம்பு மாதிரி கால் ஸ்பூன் இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு ஜாடியைத் தள்ளி வைத்தார். ப்ளீச்சில் ஊறவைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம், புதுக் குழாய் வாங்குங்கள், இந்த முறை ஸ்டீல் என்றேன். அதையும் ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும் என்றதும் கொஞ்சம் முகம் வாடிவிட்டது.