ரத்தத்தை மாற்றினால் செப்சிஸ் போகாது

"ரத்தத்துல கிருமி கலந்துடுச்சுன்னா ரத்தத்தையே மாத்திடுங்க டாக்டர்." ஐ.சி.யூ. வாசலில் இந்தப் பேச்சு எழாத வாரமில்லை. பெரும்பாலும் சர்க்கரை நோயாளி, காலில் புண், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய மாத்திரையோடு நான்கு நாள் ஓடியிருக்கும். அந்த நான்கு நாளை நினைத்தால் மனம் ஆறவில்லை.

ரத்தத்தில் கிருமி ஓடுவதற்குப் பெயர் செப்சிஸ் என்றே பலரும் நினைக்கிறார்கள். செப்சிஸ் நோயாளிகளில் நிறையப் பேருக்கு ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தை வளர்ப்பூடகத்தில் வைத்துக் கிருமி தேடும் சோதனை) எந்தக் கிருமியும் வளர்வதில்லை. தொற்றுக்கு எதிராக எழும் உடலின் தற்காப்பு தறிகெட்டுப்போய், சொந்த உறுப்புகளையே உயிர்போகும் அளவுக்குப் பழுதாக்குவதுதான் செப்சிஸ். 2016-இல் வகுத்த வரையறையும் இதுவே. பழுது திசுக்களுக்குள், நம் புரதங்களில் நடக்கிறது. பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினாலும் அது மாறாது.

புரதத்தில் வேதி மாற்றம் என்பது நீங்கள் அறியாததல்ல. சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்வதைத்தான் எச்பிஏ1சி சோதனை அளக்கிறது. ஒட்டியது அந்தச் சிவப்பணு அழியும்வரை போகாது. அதனால்தான் இரண்டு மூன்று மாதக் கணக்கு அதில் தெரிகிறது. செப்சிஸில் இதே போன்ற மாற்றங்கள் நிமிடங்களில் தொடங்கிவிடும். அழற்சியைத் தூண்டும் என்.எஃப்.கப்பா-பி என்ற புரதத்தைக் கட்டிப்போட்டிருக்கும் தடுப்புப் புரதத்தில் பாஸ்பேட் ஏறும், தடுப்பு சிதையும், அழற்சி மரபணுக்கள் திறந்துகொள்ளும். நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களில் ஒரு நொதி, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்திலுள்ள ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைச் சிட்ருலினாக மாற்றும். ஹிஸ்டோனின் நேர்மின்னூட்டம் போனதும் இறுகச் சுற்றிய டி.என்.ஏ. அவிழ்ந்து வலையாக வெளியே விழும். கிருமியைப் பிடிக்க வீசிய வலைதான். ஆனால் அதோடு வரும் ஹிஸ்டோன் ரத்தக்குழாயின் உட்சுவரை அரிக்கும், வலையில் ரத்தம் உறையும்.

சர்க்கரை உடையும்போது செல்களில் உருவாகும் லாக்டேட்டை வெறும் கழிவாகப் பார்ப்பதை இனி விடவேண்டும். அது ஹிஸ்டோனில் லைசின் என்ற அமினோ அமிலத்தில் போய் ஒட்டுவது 2019-இல் தெரியவந்தது. எச்.எம்.ஜி.பி.1 என்ற புரதத்தில் ஒட்டி அதைச் செல்லிலிருந்து வெளியேற்றுவதும், அதனால் ரத்தக்குழாய் கசிவதும் அடுத்து எலிகளில் காட்டப்பட்டன. பைகார்பனேட் ஊசி, ரத்தத்தில் அமிலம் கூடினால் இறங்கும் பி.எச். எண்ணை ஏற்றும், லாக்டேட் உருவாவதை நிறுத்தாது. பி.எச். 7.2 அல்லது அதற்கும் கீழே போய், சிறுநீரகமும் பழுதாகியிருந்தால் அந்த ஊசியை யோசிக்கலாம்.

இந்த மாற்றங்களைத் தடுக்க மருந்து இல்லையா? புரதங்களில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டுவதும், ரத்தக்குழாயைத் தளர்த்துவதுமான நைட்ரிக் ஆக்சைடின் உற்பத்தியை மொத்தமாகத் தடுத்துப் பார்த்தார்கள். ரத்த அழுத்தம் ஏறியது. இறப்பும் ஏறியது: மருந்து பெற்றவர்களில் 59 சதவீதம், பெறாதவர்களில் 49. ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள், 2004-இல் முடிவு வெளியானது. பென்சிலின் வகை மருந்துகளும் ஒரு புரதத்தில் ஒட்டித்தான் வேலை செய்கின்றன. ஆனால் அது கிருமியின் சுவரைக் கட்டும் நொதி. புதிதாகத் தீ பரவாமல் இந்த மருந்து தடுக்கும். ஏற்கெனவே எரிந்ததை அதனால் மீட்க முடியாது. ஷாக் (ரத்த அழுத்தம் சரிந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலை) வந்தவருக்கு முதல் ஆன்டிபயாடிக் ஊசி ஒரு மணி நேரத்துக்குள் போகவேண்டும் என்று நாங்கள் பறப்பது இதனால்தான்.

வார்டு நண்பர்களுக்கு: கல்ச்சர் பாட்டில் ஒவ்வொன்றிலும் 8 முதல் 10 மில்லி ரத்தம் வேண்டும். 2 மில்லி அனுப்பிவிட்டு நெகட்டிவ் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். ஷாக்கிலிருக்கும் 60 கிலோ நோயாளிக்கு முதல் 3 மணி நேரத்தில் சுமார் 1,800 மில்லி திரவம். சராசரி ரத்த அழுத்தம் 65-ஐத் தொடவில்லையா, சென்ட்ரல் லைனுக்காக (பெரிய சிரையில் போடும் குழாய்) காத்திராமல் கைச்சிரையிலேயே, அழுத்தத்தை ஏற்றும் நார்அட்ரினலினைத் தொடங்குங்கள்.

வீட்டிலிருப்பவர்களுக்கு: காய்ச்சல் இறங்கியதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். வயதானவர்களுக்கு உடம்பு சில்லிட்டும் போகும். மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல், பேச்சில் தடுமாற்றம், காலையிலிருந்து சிறுநீர் இல்லை என்றால் உடனே கிளம்புங்கள். விரல் நுனியை 10 விநாடி அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த இடத்தில் 3 விநாடிக்குள் நிறம் திரும்பவேண்டும். கருத்த தோலில் சரியாகத் தெரியாது, நகத்தின் அடியைப் பாருங்கள்.

விழுங்கிய மாத்திரைகளின் அட்டையை, காலியாக இருந்தாலும், தயவுசெய்து கையோடு கொண்டுவாருங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் காய்ச்சலை மறைத்தது அதுவாக இருக்கலாம். எந்த ஆன்டிபயாடிக் என்று தெரிந்தால், அடுத்து எதைப் போடுவது என்பதை அங்கேயே நின்று முடிவெடுத்துவிடுவோம்.