ஆறு நிமிடப் பந்தயத்துக்கு ஆறு மாத நிதானம்

லண்டனில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: “மகன் தேம்ஸ் கரையில் ஒரு படகுக் கழகத்தில் சேர்ந்திருக்கிறான். செப்டம்பரிலிருந்து வாரம் நாலு நாள் போகிறான். வேகமாகத் துடுப்புப் போடவே பயிற்சியாளர் விடுவதில்லையாம். இப்படி ஓட்டினால் எப்படி ஜெயிப்பது?”

முதலில் கழகத்தின் ஆண்டுப் பந்தய வரிசை. குளிர்காலத்தில் ‘ஹெட்’ பந்தயங்கள். படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும், யார் குறைந்த நேரம் எடுத்தார்கள் என்பதே கணக்கு. 1926இல் தொடங்கிய ‘ஹெட் ஆஃப் தி ரிவர்’ மார்ச் மாதத்தில், லண்டனுக்குள்ளேயே தேம்ஸில் மோர்ட்லேக்கிலிருந்து பட்னி வரை 6.8 கிலோமீட்டர். கோடையில் ரெகாட்டா. படகுகள் அருகருகே போட்டியிடும், பெரும்பாலும் 2,000 மீட்டர். தேம்ஸ் கரை ஊரான ஹென்லியின் ரெகாட்டாவில் மட்டும் 2,112. பட்னியைத் தாண்டியும் கடலின் ஏற்றவற்றம் வருவதால், நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் கேப்டன் பயிற்சி நேரத்தையே குறிக்க முடியும்.

எட்டுப் பேர் படகு 2,000 மீட்டரை ஆறு நிமிடம் முன்பின்னாகக் கடந்துவிடும். அதனால் இதை வெறும் தோள்பலம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அந்தச் சக்தியில் ஏறக்குறைய முக்கால் பங்கு மூச்சில் இழுத்த ஆக்சிஜனால் வருகிறது. அதை வைத்து உணவுச்சத்தை எரிக்கும் அடுப்பு, செல்லுக்குள் இருப்பதாகப் பள்ளியில் படித்த மைட்டோகாண்ட்ரியாதான்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: அந்த அடுப்புகளின் எண்ணிக்கை நிலையானதல்ல. மெதுவாக, நிமிடத்துக்கு 18 வீச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் மூன்று நொடிக்கு மேல். துடுப்பு நீரில் இருப்பது ஒரு நொடி போல, மற்ற நேரம் இருக்கை சத்தமில்லாமல் முன்னே உருண்டு வருகிறது. அந்த ஒரு நொடி இழுப்பில் தொடைத் தசைநாருக்குள் கால்சியம் பாய்கிறது, செல்லின் சக்தி நாணயமான ஏடிபி செலவாகிறது. மணிக்கணக்கில் இது தொடர்ந்தால், செல்லுக்குள் உள்ள உணரிகள் ‘கையிருப்பு போதவில்லை’ என்று கண்டுகொண்டு பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதத்தை முடுக்கிவிடுகின்றன. அது மரபணுக்களை இயக்க, வாரங்கள் செல்லச் செல்ல மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது. கூடவே தசைநாரைச் சுற்றித் தந்துகிகள் என்ற நுண்ணிய ரத்தக் குழாய்களும் முளைக்கின்றன.

வேகமாக ஓட்டினாலும் இதே சமிக்ஞை கிடைக்கும். ஆனால் அரைமணியில் உடம்பு ஓய்ந்துவிடும், மறுநாளும் எழாது. மெதுவாக ஓட்டினால் நாளை மறுபடி ஓட்டலாம். ‘மெதுவாக’ என்பதற்கும் அளவு உண்டு. காது மடலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். கடுமையாக உழைக்கும்போது ரத்தத்தில் கூடும் லாக்டேட், லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டாமல் இருந்தால் சரியான வேகம். அடுப்புகள் கூடக் கூட, அதே 2 மில்லிமோலில் படகு இன்னும் வேகமாக ஓடும். வியர்த்துக் கொட்டி வலித்தால்தான் பயிற்சி என்பது மூடநம்பிக்கை. அதை நம்பித் தசையைக் கிழித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், வேதனையாக இருக்கும்.

பயிற்சியால் அடுப்புகள் கூடும் என்பதைக் காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹொலோசி. 1967இல் எலிகளை 12 வாரம் ட்ரெட்மில்லில் ஓடவைத்து, அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் எரிக்கும் திறன் சுமார் இரு மடங்கானதைக் கண்டார். படகுப் பந்தயத்தை நினைத்தா அவர் எலி வளர்த்தார்? உடனடிப் பலன் கேட்காமல் இத்தகைய ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

அம்மா, வசந்தம் வந்ததும் உங்கள் மகனுக்கு நிமிடத்துக்கு 36 வீச்சு வரை போட விடுவார்கள், கவலைப்படாதீர்கள். பெரிய போட்டிக்கு ஓரிரு வாரம் முன்பு தூரத்தை ஏறக்குறையப் பாதியாக்கி, வேகத்தை மட்டும் விடாமல் வைத்திருப்பார்கள். களைப்பு சில நாளில் வடிந்துவிடும், அடுப்புகள் குறைய வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் பந்தயம். அப்போது அவன் சீக்கிரமே வீடு திரும்பிச் சும்மா உட்கார்ந்திருப்பான். சாதம் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள், தசையில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு நிரம்பட்டும்.