கையை விட்டால் நேராகிவிடும் ஸ்டியரிங்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஆளில்லாத மைதானத்தில் ஆறு வயது மகனை மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கொடுத்தேன். பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் என் காலில்தான் இருந்தன. அவன் பிடித்திருந்தவரை கார் இடதும் வலதுமாக அலைந்தது. கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய்க் கையை விட்டுவிட்டான். உடனே ஸ்டியரிங் தானாகச் சுழன்று நடுவுக்கு வந்தது, கார் நேராக ஓடியது. பிடித்தால் கோணல், விட்டால் நேர். இது எப்படி?"

மடியில் உட்காரவைத்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன், விட்டுவிட மாட்டேன். முதலில் கேள்வி. இது உண்மையில் இரண்டு கேள்விகள். விட்டால் ஏன் நேராகிறது என்பது டயரின் கதை. பிடித்தால் ஏன் கோணலாகிறது என்பது கண்ணும் கையும் சேர்ந்த கதை.

ஸ்டியரிங் எப்படிச் சக்கரத்தைத் திருப்புகிறது என்பது பலருக்கும் தெரிந்ததுதான். ஸ்டியரிங் தண்டின் அடியில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது சுழலும்போது ஒரு பல்தண்டு இடமோ வலமோ நகர்கிறது. அதன் இரு முனைகளிலும் உள்ள டை ராட் என்ற இணைப்புக் கம்பி முன்சக்கரங்களைத் தள்ளித் திருப்புகிறது. சாதாரணக் கார்களில் ஸ்டியரிங்கை ஏறக்குறைய 16 டிகிரி சுழற்றினால் சக்கரம் 1 டிகிரி திரும்பும். திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடச் சற்று அதிகமாகத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அது சின்ன வட்டத்தில் ஓடுகிறது. இந்த ஏற்பாட்டை ஆக்கர்மன் அமைப்பு என்கிறோம். ஆனால் 1817-இல் இதை உருவாக்கியவர் மியூனிக்கில் குதிரை வண்டி கட்டிய கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர். மறுவருடம் அவருடைய முகவராக இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் ருடால்ஃப் ஆக்கர்மன். பெயர் முகவருக்குப் போய்விட்டது. சரி, அது அவர்கள் பாடு.

இதுவரை சொன்ன எதுவும் சக்கரத்தைத் திரும்ப நேராக்காது. பல்சக்கரமும் பல்தண்டும் எந்தப் பக்கம் தள்ளினாலும் போகும், அவற்றுக்கு நடு என்று ஒன்று கிடையாது. ஸ்டியரிங்குக்குள் ஸ்பிரிங் இருக்கிறது, அது இழுத்து நேராக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு ஸ்பிரிங் தேவையே இல்லை. வேலையைச் செய்வது சாலை.

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தை உட்கார்ந்து பாருங்கள். சக்கரம் தரையைத் தொடும் இடம், அது சுழலும் அச்சுக்கு நேர் கீழே இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும். வண்டியைத் தள்ளினால் சக்கரம் தானாகச் சுற்றிக்கொண்டு அச்சுக்குப் பின்னால் போய்விடும். அச்சு முன்னே போக, தரையின் இழுப்பு சக்கரத்தைப் பின்னே பிடித்து வைக்கிறது. எந்தப் பக்கம் விலகினாலும் தரை அதை மறுபடி பின்னுக்குக் கொண்டுவந்துவிடும்.

காரிலும் இதே வித்தைதான், கொஞ்சம் ஒளித்து வைத்திருக்கிறார்கள். முன்சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ அது செங்குத்தாக நிற்பதில்லை. மேல்முனை பின்னால் சாய்ந்திருக்கும், பல கார்களில் 3 முதல் 8 டிகிரி வரை. இதுதான் காஸ்டர் கோணம். இந்தச் சாய்ந்த கோட்டைத் தரை வரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னால் போய் முட்டும். அதாவது டயர், அச்சுக்குப் பின்னால்தான் தொடர்ந்து வருகிறது. இடது பக்கம் திரும்பும்போது சாலை டயரை இடப்பக்கமாகத் தள்ளுகிறது. கார் வளைந்து போவதே அந்த விசையால்தான். அந்த விசை அச்சுக்குப் பின்னால் விழுவதால் சக்கரத்தின் பின்பகுதியை இடதுக்குத் தள்ளி, முன்பகுதியை வலதுக்குத் திருப்புகிறது. சக்கரம் நேராகிறது.

ஆனால் காஸ்டர் மட்டும் முழுக் காரணம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். டயருக்குள்ளேயே இன்னொரு காஸ்டர் இருக்கிறது, அதை யாரும் வெட்டியோ சாய்த்தோ வைக்கவில்லை.

டயர் சாலையைத் தொடும் பரப்பு உங்கள் உள்ளங்கை அளவுதான், நீளம் சுமார் 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். டயரின் மேற்பரப்பில் உள்ள ஒரே ஒரு ரப்பர் கட்டியை மட்டும் கவனிப்போம். சக்கரம் உருள, அந்தக் கட்டி மேலிருந்து வந்து பரப்பின் முன்விளிம்பில் சாலையைத் தொடுகிறது. தொட்ட நொடியில் அது நிமிர்ந்து நிற்கிறது, வளைவு ஏதும் இல்லை. தொட்டதும் சாலையைப் பற்றிக்கொள்கிறது. இப்போது கார் திரும்பிக்கொண்டிருந்தால், சக்கரம் பார்க்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை, ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் இருக்கும். ஆகவே கட்டியின் அடி சாலையோடு ஒட்டிக்கொண்டு நிற்க, தலை டயரோடு சேர்ந்து பக்கவாட்டில் நகர்கிறது. கட்டி சாய்கிறது. பரப்பின் பின்பக்கம் போகப் போக இன்னும் சாய்கிறது. பின்விளிம்பில் சாலையை விட்டதும் சட்டென்று நிமிர்ந்துகொள்கிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் இந்த முழு நாடகமும் நடந்து முடிய ஆகும் நேரம் 12 மில்லிவினாடி. அதற்குள் பின்னால் வேறு கட்டிகள் வரிசையில் வந்துவிட்டன.

சாய்ந்த ரப்பர் அதிக விசை கொடுக்கும். சாயாத ரப்பர் கொடுக்காது. எனவே தொடும் பரப்பின் முன்பாதி கொஞ்சமே உழைக்க, காரைத் திருப்பும் வேலையில் பெரும்பங்கைப் பின்பாதிதான் செய்கிறது. விசையை ஒரு வரைபடமாக வரைந்தால் முன்னே பூச்சியத்தில் தொடங்கிப் பின்னே உயரும் முக்கோணம் கிடைக்கும். முக்கோணத்தின் மையம் எங்கே இருக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான்: முன்முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில். பரப்பின் நடுவிலிருந்து பார்த்தால் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு பின்னால், அதாவது 2 சென்டிமீட்டர். அச்சு கச்சிதமாகச் செங்குத்தாக நின்றால்கூட, ரப்பர் இழுபடுகிற விதத்தாலேயே விசை 2 சென்டிமீட்டர் பின்னால் போய் விழும். ரப்பர் வளையும் என்ற ஒரே காரணத்துக்காகக் கிடைக்கும் இலவசக் காஸ்டர் இது!

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,000 கிலோ கார், மணிக்கு 36 கிலோமீட்டர், 50 மீட்டர் ஆரமுள்ள வளைவு. முன்சக்கரங்கள் இரண்டின் மீதும் சேர்த்துப் பக்கவாட்டு விசை சுமார் 1,000 நியூட்டன். இரண்டு காஸ்டரும் சேர்ந்து விசையை அச்சுக்கு 4 சென்டிமீட்டர் பின்னால் தள்ளுகின்றன என்றால் சக்கரங்களை நேராக்கும் திருப்புவிசை 40 நியூட்டன்-மீட்டர். ஸ்டியரிங்குக்கு வரும்போது பதினாறில் ஒரு பங்காகி 2.5. ஸ்டியரிங் விளிம்பில் கை வைத்தால், பவர் ஸ்டியரிங்கின் உதவியைக் கணக்கில் எடுக்காமல், ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த எடை இழுப்பதுபோல் இருக்கும். சின்னப் பையன் கையை விட்டதும் ஸ்டியரிங்கைச் சுழற்றியது இந்த விசைதான். வேகம் பாதியானால் இது கால்பங்காகிவிடும், மூட்டுகளின் உராய்வே அதைத் தின்றுவிடும். ஊர்ந்து போகும்போது ஸ்டியரிங் அரைகுறையாகத் திரும்பி நின்றுவிடுவது இதனால்தான். அந்த வேகத்தில் கொஞ்சம் கைகொடுப்பது அச்சின் இன்னொரு சாய்வு: மேல்முனை காரின் உள்பக்கமாகவும் சாய்ந்திருக்கும். அதனால் சக்கரத்தைத் திருப்பினால் காரின் முன்பக்கம் துளி மேலே எழும்புகிறது. காரின் எடை அதைக் கீழே இறக்கப் பார்க்கிறது. ரிவர்ஸில் மட்டும் இந்தத் தயவை நம்ப முடியாது. அங்கே டயர் அச்சுக்கு முன்னால் ஓடுகிறது, கையை விட்டால் சக்கரம் மேலும் திரும்பிக்கொள்ளவே பார்க்கும்.

டயர் பிடிமானம் தீரப் போகிறது என்றால் பரப்பின் பின்பகுதியில் உள்ள கட்டிகள் முதலில் வழுக்கத் தொடங்கும். முக்கோணம் தட்டையாகும், விசையின் மையம் நடுவுக்கு நகரும், இலவசக் காஸ்டர் மறையும். ஈரச் சாலையில் வளைவெடுக்கும்போது ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிட்டது என்று அனுபவசாலிகள் சொல்வது இதைத்தான். கார் வழுக்குவதற்கு முன்பே கைக்குச் சேதி வந்துவிடுகிறது. இதை அடிப்படை விதிகளிலிருந்தே முழுமையாகக் கணக்கிடும் சமன்பாடு இருக்கிறதா என்றால், பொறியாளர்கள் இன்றும் பெரிதும் நம்புவது நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பசேய்கா 1980-களில் மற்றவர்களோடு சேர்ந்து கொடுத்த ஒன்றை. சோதனையில் கிடைத்த வளைகோட்டுக்குப் பொருந்துமாறு தைத்த சமன்பாடு அது. செல்லப்பெயர் 'மாயச் சூத்திரம்'. தானாக ஓடும் கார்களின் மென்பொருளுக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். அந்த மென்பொருள் கடைசியில் நம்பியிருப்பது உள்ளங்கையளவு ரப்பரைத்தான். ரப்பரை ஆராய்கிறேன் என்று ஒருவர் நிதி கேட்டால் என்ன பதில் வரும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

அப்புறம் இரண்டாவது கேள்வி. பையன் பிடித்திருந்தபோது கார் ஏன் அலைந்தது?

ஸ்டியரிங் காரின் இடத்தை மாற்றுவதில்லை. மூக்கு எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதை மட்டுமே அது தீர்மானிக்கிறது. மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் கார் எவ்வளவு வேகமாகப் பக்கவாட்டில் நகரும் என்பதைத் தீர்மானிக்கிறது. கைக்கும் இடத்துக்கும் நடுவே இரண்டு படிகள். கார் கொஞ்சம் இடதுக்குப் போய்விட்டது என்று பையன் வலதுக்குத் திருப்புகிறான். கார் கோட்டுக்கு வந்ததும் ஸ்டியரிங்கை நேராக்குகிறான். ஆனால் மூக்கு வலதுபக்கம் பார்த்தபடி இருக்கிறதே! 36 கிலோமீட்டர் வேகத்தில் மூக்கு வெறும் 5 டிகிரி விலகியிருந்தால்கூட, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே கார் வினாடிக்கு 90 சென்டிமீட்டர் நழுவிக்கொண்டிருக்கும். பதறி இடதுக்குத் திருப்புகிறான், இந்த முறை இன்னும் அதிகமாக. ஒவ்வொரு தடவையும் அலைச்சல் பெரிதாகும். கோட்டைத் தொடுவதற்கு முன்பே எதிர்ப்பக்கம் திருப்பியிருக்க வேண்டும். அதை அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் முடியாது, ஏனென்றால் நமக்கே தெரியாது. 2002-இல் கய் வாலிஸும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டத் தெரிந்தவர்களைச் சிமுலேட்டரில் உட்காரவைத்து, காட்சியை இருட்டாக்கி, லேன் மாறச் சொன்னார்கள். திருப்பினார்கள், நடுவுக்குக் கொண்டுவந்தார்கள், முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள். எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டிய பாதியை விட்டுவிட்டார்கள். தினமும் கை தானாகச் செய்வதைத் தலை அறிந்திருக்கவே இல்லை.

கையை இயக்குவது கண். 1995-இல் மைக்கேல் லேண்டும் ஜூலியா ஹார்வுட்டும் சிமுலேட்டரில் சாலையின் சிறு பட்டைகளை மட்டும் காட்டிச் சோதித்தார்கள். தூரத்துப் பட்டையைப் பார்த்தவர்கள் மென்மையாக ஓட்டினாலும் லேனுக்குள் சரியாக நிற்க முடியவில்லை. பக்கத்துப் பட்டையை மட்டும் பார்த்தவர்கள் வெட்டி வெட்டி ஓட்டினார்கள். மடியில் உட்கார்ந்த ஆறு வயதுப் பிள்ளை பார்ப்பது பெரும்பாலும் பானட்டையும் தன் கைகளையும்தான். வெட்டி வெட்டித்தான் ஓட்டுவான்.

கையை விட்டதும் கார் நேராகப் போனதைப் பார்த்து, பிள்ளைக்கு ரத்தத்திலேயே டிரைவிங் இருக்கிறது என்று பூரித்துப்போகும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். பாராட்டு காஸ்டர் கோணத்துக்குச் சேர வேண்டியது.

இனி மடி. ஸ்டியரிங்கின் நடுவில் ஏர்பேக் இருக்கிறது. மோதலை உணர்ந்த பிறகு அது முழுதாக விரிய ஏறக்குறைய 30 மில்லிவினாடிதான் ஆகும், கண் இமைப்பதில் சிறு பங்கு. அது விரிந்து முடித்த பிறகு நாம் அதில் போய்ச் சாய வேண்டும் என்பதுதான் திட்டம். அதனால்தான் பெரியவர்களே மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே குறைந்தது 25 சென்டிமீட்டர் விடச் சொல்கிறார்கள். மடியில் உள்ள பிள்ளையின் முகமும் மார்பும் இருப்பது அந்த 25 சென்டிமீட்டருக்குள். விரிந்துகொண்டிருக்கும் பை முன்னாலிருந்து அடிக்கும், உங்கள் உடம்பு பின்னாலிருந்து அமுக்கும். ஆளில்லாத மைதானத்திலும் கம்பம் இருக்கலாம், சுவர் இருக்கலாம். காலில் பிரேக் இருப்பதும் பெரிய ஆறுதல் இல்லை, பிள்ளை சட்டென்று திருப்பும்போது உங்கள் கைக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே அவன் உடம்பு இருக்கிறது. ஓடும் காரில் இதைச் செய்யாதீர்கள். காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அவனைச் சீட்டில் உட்காரவையுங்கள். ஸ்டியரிங் அசைய மறுக்கும். ஏன் இவ்வளவு கனம் என்று அவனே கேட்பான். டயர் உருளாமல் நின்ற இடத்திலேயே தேய்ந்து திரும்ப வேண்டும், பவர் ஸ்டியரிங்கும் தூங்குகிறது, சாவியை எடுத்துவிட்டால் பல கார்களில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் செய்யும் என்று சொல்லலாம். தள்ளுவண்டிச் சக்கரத்தை அவன் கையாலேயே திருப்பிப் பார்க்கவையுங்கள், காஸ்டர் அவனுக்கு உடனே புரிந்துவிடும்.

கடிதத்தின் அடியில் ஒரு துணைக் கேள்வியும் இருந்தது: நேராக ஓடினாலும் கார் லேசாக ஒரு பக்கம் இழுத்ததாம், பழுதா? மைதானமோ சாலையோ சரிவாக இருந்தால் இழுப்பது இயல்பு. முதலில் இரண்டு முன்டயர்களிலும் காற்றைச் சரிபாருங்கள். பிறகு முன்டயர்களை இடம் வலமாக மாற்றிப் போடச் சொல்லுங்கள், ஒரே திசையில் மட்டும் ஓடும் வகை டயராக இல்லாவிட்டால். இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறாமல் அதே பக்கம் இழுத்தால் இரு சக்கரங்களின் காஸ்டர் கோணமும் ஒன்றாக இல்லாமல் போயிருக்கலாம். எந்தப் பக்கம் காஸ்டர் குறைவோ கார் அந்தப் பக்கம் இழுக்கும். வீல் அலைன்மென்ட் பார்க்கும்போது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் போதும் என்று விட்டுவிடாமல் காஸ்டர் அளவையும் அச்சடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.