வரைபடத்தை மடித்து வையுங்கள், முதலில் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள்

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கற்பனை உலகத்தில் கேரக்டர்களாக ஆடும் ரோல்-பிளேயிங் கேம்களில் மறுபடியும் அதே கதை. 40 பக்க வரலாறு, கடவுளர் வம்சாவளி, 5 கண்டங்களுக்கு வண்ண வரைபடம், 2 நிலவுகளுக்குத் தனித்தனிப் பஞ்சாங்கம் எல்லாம் தயார். பல செஷன்களாகத் தொடர வேண்டிய கேம்பெயின் மட்டும் மூன்றாவது செஷனோடு நின்றுவிட்டது. “பிளேயர்களுக்கு ஈடுபாடே இல்லை” என்று புகார் வேறு. ஆட்டத்தை நடத்தும் புது கேம் மாஸ்டர்களுக்கு (ஜி.எம்.) பயிற்சி தருகிற யாரைக் கேட்டாலும், இந்தப் புகாரைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது என்பார்கள். பிளேயர்கள் மேல் தவறு இல்லை. முதல் நாள் ஊர்ச் சந்தையில் இறக்கிவிடப்பட்ட அந்த 4 பேரும் என்ன செய்யலாம், யாரிடம் போய்ப் பேசலாம், எதற்குப் பயப்பட வேண்டும் என்பதற்கு அந்த 40 பக்கத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

உலகம் முழுதாகத் தயாரான பிறகுதான் ஆட்டம் தொடங்க வேண்டும் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். இந்த ஆட்டத்தை உண்டாக்கியவர்களே அப்படிச் செய்யவில்லை. டேவ் ஆர்னெசன் 1971-இல் பிளாக்மூர் என்ற உலகத்தைத் தொடங்கியபோது இருந்தவை ஒரு கோட்டை, அதன் அடியில் நிலவறைகள், பக்கத்தில் ஒரு சிற்றூர். கேரி கைகேக்ஸ் 1972-இல் கிரேஹாக் கோட்டையின் நிலவறைகளில் ஆரம்பித்தார். கிடைத்த புதையலை விற்க இடம் கேட்டு பிளேயர்கள் மேலே ஏறி வந்தார்கள். அதனால் ஒரு நகரம் தேவைப்பட்டது. நகரத்துக்கு வெளியே போக ஆசைப்பட்டார்கள். வட அமெரிக்க வரைபடத்தின் மேலேயே இடங்களைக் குறித்துச் சமாளித்தார். இவர்கள் இருவரும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகள் 1974-இல் வந்தன. கிரேஹாக் உலகம் தனிச் செட்டிங்காக, அதாவது ஆட்டம் நடக்கும் கற்பனை உலகமாக, அச்சானது 1980-இல். அதாவது பல வருடங்கள் மேஜையில் ஆடித் தேய்ந்த பிறகுதான் அந்த வரைபடம் புத்தகமானது. நாம் வாங்குவது அந்தப் புத்தகத்தை. அதைப் பார்த்துவிட்டு, புத்தகம் முதலில், ஆட்டம் பிறகு என்று வரிசையை மாற்றிப் புரிந்துகொள்கிறோம்.

ஆயத்த செட்டிங்கை எடுப்பவர்களிடம் இதே தவறு வேறு உருவத்தில் வரும்: எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகுதான் நடத்த வேண்டும் என்பார்கள். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் அப்படி முடிக்கவே முடியாது. 1987-இல் வந்த முதல் பெட்டி முதல் இன்று வரை புத்தகங்கள் குவிந்திருக்கின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த உலகத்தின் காலண்டர் பதிப்புக்குப் பதிப்பு ஓடியிருக்கிறது. டேல் ரெக்கனிங் என்ற அந்த உலகத்து ஆண்டுக் கணக்கில் 1385-இல் ஸ்பெல்பிளேக் என்ற பேரழிவு வருகிறது. 2008-இல் வந்த விதிகளின் நான்காம் பதிப்பு கதையை 1479-க்குத் தள்ளியது. ஐந்தாம் பதிப்பின் சாகசங்கள் 1490-களை ஒட்டி நடக்கின்றன. பிளேயர் ஒருவர் 1370-களின் அரசரைப் பற்றி இணையத்தில் படித்துவிட்டு வந்து உங்களைத் திருத்துவார். அவரோடு வாதாடாதீர்கள். முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்: “நம் ஆட்டம் 1491-இல் தொடங்குகிறது. அதற்குப் பின் எந்தப் புத்தகத்தில் என்ன நடந்திருந்தாலும் நம் மேஜையில் அது இன்னும் நடக்கவில்லை. முன்னால் நடந்தவற்றில் நாம் பேசியவை மட்டும் உண்மை.” இந்த 3 வாக்கியங்கள் பல மணி நேரச் சண்டையைத் தவிர்க்கும்.

முதல்முறை நடத்துகிறவர்களுக்கு எபெரான் என்ற உலகத்தைப் பரிந்துரைப்பதற்கும் இதுதான் காரணம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் வெளியீட்டாளரான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் 2002-இல் நடத்திய தேடலில் ஏறத்தாழ 11,000 முன்மொழிவுகளிலிருந்து தேர்வாகி 2004-இல் வந்த செட்டிங் அது. அதன் கடிகாரம் அந்த உலகத்தின் 998-ஆம் ஆண்டிலேயே நிற்கிறது. வெளியீட்டாளர் அதை நகர்த்தவில்லை. பெரும்போர் 996-இல் ஓய்ந்தது. அதற்கு 2 வருடம் முன்பு சையர் என்ற நாடு ஒரே நாளில் அழிந்தது. ஏன் அழிந்தது என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்; விடை உங்கள் மேஜைக்கு உரியது. ஒவ்வொரு பிளேயரிடமும் ஒரே கேள்வி போதும்: “போர் நடந்தபோது நீ எந்த நாட்டில் இருந்தாய், என்ன செய்தாய்?” ஐந்து பதில் கிடைத்தால் முதல் 4 செஷனுக்கான பொருள் கையில் வந்துவிட்டது.

தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது இதுதான்: இந்த செட்டிங்கில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அன்று பிளேயர்கள் என்ன வேலை செய்வார்கள்? ஃபான்டாலின் போன்ற எல்லையோரச் சிற்றூர் என்றால் வண்டிக்குக் காவல் போவார்கள், பழைய சுரங்கத்தைத் தேடுவார்கள். 2014 தொடக்கப் பெட்டியின் சாகசம் அந்த ஊரையும் சுற்றியுள்ள சில நாள் பயணத் தூரத்தையும் மட்டுமே வைத்து, கேரக்டர்களின் திறன் படியான லெவலில் ஐந்து வரை கொண்டுபோகிறது. எபெரானின் ஷார்ன் நகரக் கோபுரங்கள் என்றால் துப்பு துலக்குவார்கள், கும்பல்களோடு மோதுவார்கள். டார்க் சன் செட்டிங்கின் ஆத்தஸ் பாலைவனம் என்றால் தாகத்தோடும் அடிமை வணிகர்களோடும் போராடுவார்கள். உங்கள் குழுவுக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியும். நால்வரும் பேரம் பேசுவதில் உற்சாகம் கொள்பவர்கள் என்றால், அட்டைப் படம் அழகாக இருக்கிறது என்பதற்காக அவர்களைப் பாலைவனத்தில் கொண்டுபோய் விடாதீர்கள்.

இனி தகவமைப்புக்கு வருவோம். ஊர்ப் பெயர், ராஜா பெயர், சாமி பெயர் மாற்றுவதைத்தான் பெரும்பாலோர் தகவமைப்பு என்கிறார்கள். அது பெயர்ப் பலகை வேலை. ஒரு செட்டிங்கின் குணம் அதன் பற்றாக்குறைகளில் இருக்கிறது. அந்தப் பற்றாக்குறையை உங்கள் ரூல்புக்கில் உள்ள ஏதோ ஒரு ஸ்பெல் (மந்திரம்) சத்தமில்லாமல் அழித்துவிடும். அதைக் கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை.

1991-இல் வந்த டார்க் சன் செட்டிங்கை, அதாவது ஆத்தஸை, ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளில் ஓட்டுவதாக வையுங்கள். விதிப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 1 கேலன் தண்ணீர். வெயில் கடுமையாக இருந்தால் 2 கேலன், அதாவது ஏறக்குறைய ஏழரை லிட்டர். ஒரு தோல் பை அரை கேலன் கொள்ளும், நிரம்பினால் 5 பவுண்டு எடை. ஆக ஆளுக்கு நாளொன்றுக்கு 4 பை, 20 பவுண்டு. நாலு நாள் பாலைவனப் பயணத்துக்கு 16 பை, 80 பவுண்டு. வலிமை 10 உள்ளவர் சுமக்கக்கூடிய மொத்தமே 150 பவுண்டு. ஆயுதத்தை விடுவதா, தண்ணீரை விடுவதா, சுமைக்கு ஒரு பிராணியை வாங்கி அதற்கும் தண்ணீர் கொடுப்பதா? அருமையான ஆட்டம் இங்கேயே இருக்கிறது. பாதித் தண்ணீர் மட்டும் குடித்தவர் பகடை உருட்டி உடல்வலுச் சோதனையில் 15 எடுக்க வேண்டும். தவறினால் ஒரு படி சோர்வு. பாதியும் கிடைக்காதவருக்குச் சோதனையே இல்லாமல் ஒரு படி. ஆறாவது படி மரணம்.

இப்போது முதல் லெவல் கிளெரிக் (பூசாரி) ஒருவர் எழுந்து, தண்ணீரை உண்டாக்கும் முதல்நிலை ஸ்பெல்லைப் போடுகிறார். 10 கேலன் வருகிறது. ஐந்து பேர், ஆளுக்கு 2 கேலன், சரியாக 10. ஒரு ஸ்லாட்டில், அதாவது ஸ்பெல் போட நாளுக்குக் கிடைக்கும் வாய்ப்புகளில் ஒன்றில், பாலைவனம் முடிந்தது. இயற்கை மந்திரம் போடும் ட்ரூயிட் இருந்தால் குட்பெர்ரி ஸ்பெல்லில் 10 பழம். ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாடு. செட்டிங்கின் உயிர்நாடியே முதல் செஷனில் போய்விட்டது, ஜி.எம். அதைக் கவனிக்கவும் இல்லை.

இதற்கு 3 வழி உண்டு. அந்த ஸ்பெல்களை நீக்கிவிடலாம். அல்லது மூன்றாம் நிலைக்கு ஏற்றலாம். அல்லது ஸ்பெல்லுக்கான பொருள் ஒவ்வொரு முறையும் தீர்ந்துபோகும் என்று வைத்து, அந்தப் பொருளை ஆத்தஸில் கிடைப்பதற்கு அரிதாக்கலாம். புதியவர்களுக்கு நான் சொல்வது முதல் வழி. கணக்கு வைக்க வேண்டியதில்லை. எந்த வழியானாலும் கேரக்டர் உருவாக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பிளேயர் ஸ்பெல்லைப் போட்ட பிறகு “இங்கே அது வேலை செய்யாது” என்று சொல்வது ஏமாற்று வேலை. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இன்னொன்று: ஐந்தாம் லெவலில் மூன்றாம் நிலை ஸ்பெல் ஒன்று 15 பேருக்கு உணவும் 30 கேலன் தண்ணீரும் தரும். அதையும் நீக்கலாம். என்னைக் கேட்டால் விட்டுவிடுங்கள். தாகத்தை 4-ஆம் லெவல் வரைக்கும் வைத்துக்கொண்டு, அதன்பின் மோதலை நகரத்துக்கும், அங்கே ஆளும் சூனிய அரசர்களின் ஆட்கள் பக்கமும் திருப்புங்கள். ஒரே பற்றாக்குறையை 20 செஷன் இழுத்தால் பிளேயர்களுக்குச் சோர்வுதான் மிஞ்சும்.

தண்ணீருக்குச் செய்ததை மரணத்துக்கும் செய்ய வேண்டும். ரூல்புக்கில் 300 பொன் மதிப்புள்ள வைரம் இருந்தால், செத்து ஒரு நிமிடத்துக்குள் ஐந்தாம் லெவல் கிளெரிக் எழுப்பிவிடலாம். 500 பொன் வைரம் இருந்தால் ஒன்பதாம் லெவல் கிளெரிக்குக்கு 10 நாள் அவகாசம். அரசரைக் கொன்றுவிட்டார்கள் என்று கதையைத் தொடங்குகிறீர்கள். 10 நாளைக்குள் கோயில்காரர்கள் ஏன் எழுப்பவில்லை? பதில் வைத்திருங்கள். எபெரானில் பதில் எளிது: சின்ன மந்திரம் தெருவுக்குத் தெரு கிடைக்கும், ஆனால் அந்த அளவு உயர் லெவல் பூசாரிகள் அபூர்வம். கொலை மர்மக் கதை என்றால் இன்னும் கவனம் தேவை. பிணத்தோடு பேசும் ஸ்பெல் 5 கேள்வி கேட்க விடும். கொலையுண்டவர் முகம் பார்க்காமல் இறந்திருக்கலாம், தாடை இல்லாமல் கிடக்கலாம், பொய்யும் சொல்லலாம். ஏதாவது ஒன்றை முன்கூட்டியே தீர்மானியுங்கள். அங்கேயே உட்கார்ந்து யோசித்தால் பிளேயர்களுக்குத் தெரிந்துவிடும்.

சில உலகங்களை வேறு விதிகளுக்கு இடம் மாற்றவே கூடாது. குளோரான்தா என்ற உலகம் அப்படி. அதற்கான விதிகளாக 1978-இல் வந்த ரூன்குவெஸ்டில் கிளாஸ், அதாவது கேரக்டரின் தொழில் வகை, கிடையாது. ஏறக்குறைய எல்லோரிடமும் சிறு மந்திரம் உண்டு. நீங்கள் சேர்ந்திருக்கும் வழிபாட்டு மரபுதான் உங்கள் குடும்பம், தொழில், சட்டம் எல்லாம். தோற்றவரைக் கொல்லாமல் பிணைத்தொகை வாங்கி விடுவிப்பது அங்கே வழக்கம். இதை ஃபைட்டர், விசார்ட் என்று பிரித்தால் மிஞ்சுவது விசித்திரமான பெயர்கள் மட்டுமே. அந்த உலகம் பிடித்திருந்தால் அந்த விதிகளையே கற்றுக்கொள்ளுங்கள்.

உலகம் ஆழமானது, பிளேயர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றால் 1975-லேயே வழி காட்டிவிட்டார்கள். டெக்குமெல் உலகத்தில் கேரக்டர்கள் கப்பலில் வந்து ஜக்காலா துறைமுகத்தில் இறங்கும் அந்நியர்கள். அந்த ஊர்ப் பழக்கம் கேரக்டருக்கும் தெரியாது, பிளேயருக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஒன்றாகக் கற்றுக்கொள்வார்கள். முன்கதையைப் படித்துவிட்டு வரச் சொல்லி யாருக்கும் 40 பக்கம் அனுப்ப வேண்டாம். யாரும் படிக்க மாட்டார்கள். படிக்கவில்லை என்று கோபித்துக்கொள்ள உங்களுக்கு உரிமையும் இல்லை.

அனுப்ப வேண்டியது ஒரே ஒரு பக்கம். என்ன ஆண்டு, எந்த ஊர், எல்லோரும் எதற்குப் பயப்படுகிறார்கள், என்னென்ன நீக்கியிருக்கிறேன், பதிலுக்கு என்ன தருகிறேன். கடைசி இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஆத்தஸில் கடவுள் இல்லை என்று சொல்லி நிறுத்தினால், கிளெரிக் ஆட வந்தவர் முகம் வாடிவிடும். நெருப்புக்கோ நீருக்கோ காற்றுக்கோ பூசை செய்கிறவராக வரலாம், அல்லது சூனிய அரசரிடம் சக்தி பெறும் டெம்ப்ளராக வரலாம் என்று அதே வரியில் சொல்லுங்கள். ஒன்றை எடுத்தால் இரண்டைக் கொடுங்கள்.

அந்தப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கட்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன். டார்க் சன்னில் அடிமைமுறை அன்றாட வாழ்க்கை. வேறு செட்டிங்குகளில் சித்திரவதை, பிள்ளைகளுக்கு நேரும் கொடுமை, பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது எல்லாம் இருக்கும். எது கதைக்குள் வரவே கூடாது, எது திரைக்குப் பின்னால் நடந்ததாகச் சொன்னால் போதும் என்று, ஆட்டம் தொடங்கும் முன் கூடிப் பேசும் செஷன் ஸீரோவில் கேளுங்கள். சிலர் எல்லோர் முன்னாலும் வாய் திறக்க மாட்டார்கள். தனியாகச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். காரணம் கேட்காதீர்கள். கேட்டுவிட்டால் அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார்.

வரைபடம் வரையத்தான் வேண்டுமா? வரையுங்கள், அளவோடு. சாதாரண வேகத்தில் கேரக்டர்களின் குழு நாளொன்றுக்கு 24 மைல் நடக்கும். 6 மைல் கட்டம் போட்ட தாளில் அது 4 கட்டம். ஊரை நடுவில் வைத்து எல்லாப் பக்கமும் 12 கட்டம் இருந்தால் 3 நாள் பயணம். முதல் 5 செஷனுக்கு அது தாராளம். அதற்குள் ஒரு ஊர், 3 ஆபத்தான இடங்கள், ஒருவரையொருவர் பிடிக்காத 2 கூட்டங்கள், பெயரோடு 6 மனிதர்கள். ஒவ்வொரு மனிதருக்கும் 2 வரி: இப்போது அவருக்கு என்ன வேண்டும், அதற்காக யாரை ஏமாற்றத் துணிவார். அவருடைய தாத்தா பெயர் வேண்டாம்.

ஏற்கெனவே ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, செட்டிங் கையை விட்டுப் போய்விட்டது என்பவர்கள் கேம்பெயினைக் கலைக்காதீர்கள். அடுத்த செஷன் தொடங்குவதற்கு முன் 10 நிமிடம் எடுத்துக்கொண்டு, எந்த ஸ்பெல், எந்த விதி இந்த உலகத்தைக் கெடுக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அன்று முதல் அது மாறும். நடந்து முடிந்ததைத் திரும்பித் தொடக் கூடாது. அதனால் நஷ்டப்படுகிற பிளேயர் தன் ஸ்பெல்லையோ, வேண்டுமானால் கிளாஸையோ இலவசமாக மாற்றிக்கொள்ளட்டும். அவர் சேர்த்த பொன்னும் லெவலும் அப்படியே இருக்கட்டும். மாற்றத்தை 3 செஷன் ஆடிப் பாருங்கள், பிறகு அவரிடமே கேளுங்கள். ஒத்துவரவில்லை என்றால் பழைய விதிக்குத் திரும்பிவிட்டு, தண்ணீருக்குப் பதில் வேறு ஒரு பற்றாக்குறையைத் தேடுங்கள்: ஆத்தஸில் உலோகம் அரிது, நாணயம்கூடச் சுட்ட மண்ணில்தான். இரும்புக் கத்தி ஒன்று வைத்திருப்பவனை ஊரே பின்தொடரும்.